எச்எக்ஸ் ஸ்டாம்பில் எட்டு பிளாக் இருந்தும் ஐந்திலேயே நின்றுவிடுகிறது, அடுத்த ஃபர்ம்வேரில் சரியாகுமா?

குடந்தை ஆறுதந்தி:

வணக்கம் நண்பர்களே. எங்களுடையது மெல்லிசைக் குழு. கும்பகோணம், திருவிடைமருதூர், மயிலாடுதுறை வட்டாரத்தில் கோயில் திருவிழாக் கச்சேரிகள்தான் அதிகம். பாட்டு ஆரம்பிக்கும் முன் கம்பீர நாட்டையில் ஒரு மல்லாரி வாசிப்போம். தவில் உண்டு, நாகஸ்வரம் கிடையாது, அந்த இடத்தை என் கிட்டார்தான் நிரப்பியாக வேண்டும். இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு நாகஸ்வரத்தில் ஊறிய காது, மெலிசாக ஒரு சத்தம் வந்தால் முன்வரிசையில் இருக்கும் பெரியவர்கள் முகம் மாறிவிடும்.

அதற்காக எச்எக்ஸ் ஸ்டாம்ப் என்ற லைன் 6 கம்பெனியின் கிட்டார் எஃபெக்ட் பெடலில் ஒரு பேட்ச் (அடுக்கி வைத்த ஒலி அமைப்பு) போட்டிருக்கிறேன், ஒவ்வொரு எஃபெக்ட்டும் ஒரு பிளாக். கம்ப்ரஸர், ஒரு ஸ்தாயி கீழே சேர்க்க பாலி பிட்ச், ஓவர்டிரைவ், ஆம்ப்பும் கேப்பும் (ஸ்பீக்கர் பெட்டி) சேர்ந்த பிளாக், ஸ்டீரியோ டிலே. இது ஐந்து. ஆறாவதாக ரிவெர்ப் (கூடத்து எதிரொலி) வைக்கப் போனால் பட்டியலில் எனக்கு வேண்டிய பிளாட்டோ என்ற ரிவெர்ப் மங்கலாகிவிடுகிறது, தேர்ந்தெடுக்கவே முடியவில்லை. இன்னும் மூன்று கட்டம் காலியாகக் கண்ணெதிரே கிடக்கிறது! முன்பு 6 பிளாக் இருந்ததை ஒரு அப்டேட்டில் 8 ஆக்கினார்கள், பெடலை யாரும் திறந்து பார்க்கவில்லை, வெறும் மென்பொருள்தான். அப்படியென்றால் இதையும் அடுத்த அப்டேட்டில் அவிழ்த்துவிட முடியும்தானே? அப்புறம் இன்னொன்று, ஆடி மாதக் கச்சேரிகள் நெருங்குகின்றன, இப்போது அப்டேட் போடலாமா, பொறுக்கலாமா?

மன்னார்குடி பெடல்:

விற்றுவிட்டு அதே கம்பெனியின் பெரிய ஹீலிக்ஸ் வாங்குங்கள் ப்ரோ. சிப் இரண்டு. பிரச்சினை முடிந்தது.

தஞ்சாவூர் டோன்:

விற்கிற பேச்சை அப்புறம் பார்க்கலாம் தம்பி, அந்தப் பேட்ச் ஸ்டாம்பிலேயே அடங்கும் என்று நினைக்கிறேன். முதலில் உங்கள் கேள்விக்கு வருகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

பிளாக் எண்ணிக்கை வேறு, டிஎஸ்பி (ஒலியைக் கணக்கிடும் சிப்பின் சக்தி) வேறு. ஒரு பேட்சில் எத்தனை கட்டம் அனுமதிப்பது என்பது மென்பொருளில் எழுதி வைத்த எண். 2018 இல் ஸ்டாம்ப் வந்தபோது அது 6, 2020 நவம்பரில் வந்த 3.0 அதை 8 ஆக்கியது. உள்ளே இருக்கும் சிப் அன்றும் இன்றும் அதே ஷார்க்தான், 450 மெகாஹெர்ட்ஸ், ஒன்றே ஒன்று. கனமில்லாத பிளாக்குகளாகப் பார்த்து வைப்பவருக்கு அந்த இரண்டு கூடுதல் கட்டம் பெரிய வரம். கனமான மூன்றை வைத்தே சிப்பை நிரப்புபவருக்கு 6 ஆனாலும் 8 ஆனாலும் ஒன்றுதான்.

கணக்கைப் பாருங்கள். ஒலி ஒரு நொடிக்கு 48,000 சாம்பிளாக, அதாவது சின்னச் சின்னத் துண்டாக, உள்ளே வருகிறது. 450 மெகாஹெர்ட்ஸை, அதாவது நொடிக்கு 45 கோடித் துடிப்பை, 48,000 ஆல் வகுத்தால் ஒரு சாம்பிளுக்கு 9,375 துடிப்புகள் கிடைக்கும். உங்கள் கம்ப்ரஸர், பிட்ச், ஓவர்டிரைவ், ஆம்ப், கேப், டிலே, ரிவெர்ப் எல்லாம் சேர்ந்து ஒரு சாம்பிளுக்குரிய வேலையை அதற்குள் முடித்தாக வேண்டும். கம்ப்யூட்டரில் வீடியோ ஏற்றுமதி செய்யும்போது தாமதமானால் இரண்டு நிமிடம் கூடுதலாகக் காத்திருப்போம். இங்கே தாமதமானால் அடுத்த சாம்பிள் வாசலில் வந்து நிற்கிறது, ஸ்பீக்கரில் 'டக்' என்று ஒரு வெடிப்பு கேட்கும். அதனால்தான் அந்த பெடல் ஒவ்வொரு பிளாக்குக்கும் தேவையை முன்கூட்டியே ஒதுக்கிவைக்கிறது. மிச்சத்தில் அடங்காத மாடல் மங்கலாகிவிடும். அணைத்து வைத்த பிளாக்குக்கும் இடம் பிடிபடுவது இதனால்தான், நீங்கள் காலால் அழுத்திய நொடியில் இடைவெளியில்லாமல் அது வாசித்தாக வேண்டுமே. இதில் ஒரு நல்லதும் இருக்கிறது: வீட்டில் ஏறிய பேட்ச் மேடையிலும் ஏறும், பாதிப் பாட்டில் திணறாது.

இனி எது கனம் என்று பார்ப்போம். ஆம்ப் மாடல் கனம், காரணம் டிஸ்டார்ஷன். சுரத்தைச் சிதைத்தால் புதிது புதிதாக மேல் அதிர்வெண்கள் பிறக்கும், 48 கிலோஹெர்ட்ஸ் ஓட்டத்தில் 24 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போனவை மடங்கிக் கீழே வந்து ராகத்துக்குச் சம்பந்தமில்லாத ஓசையாக ஒலிக்கும். அதைத் தடுக்க ஆம்ப்புக்குள் மட்டும் கணக்கைப் பல மடங்கு வேகத்தில் ஓட்டி, வடிகட்டி, மறுபடி 48க்கு இறக்குகிறார்கள். அந்தச் செலவைத் தவிர்த்தால் ஹை கெயினில் கம்பியை மேலே இழுக்கும்போது பின்னால் வேறொரு சுரம் கீழே இறங்குவது காதில் விழும். அதை யாரும் விரும்ப மாட்டோம்.

அடுத்து பாலி பிட்ச். 3.0 இல் வந்த பாலி வரிசை முழுவதுமே கனம்தான். ஒரு முழு கார்டையும் (ஒன்றாக ஒலிக்கும் பல சுரங்கள்) வாங்கிப் பிரித்து, ஒவ்வொரு சுரத்தையும் நகர்த்தித் திரும்பச் சேர்க்கிறது. மூன்றாவது, உங்கள் பிளாட்டோ. அது வெறும் ரிவெர்ப் அல்ல, ரிவெர்ப்புக்குள்ளேயே பிட்ச் மாற்றும் வேலையும் நடக்கிறது. ஆக ஒரே பேட்சில் இரண்டு பிட்ச் இயந்திரங்களை ஓடச் சொல்கிறீர்கள். ஒரு சிப்புக்கு அது அதிகம், எந்த அப்டேட் வந்தாலும் அதிகம்தான்.

என் யோசனை: மல்லாரி ஒற்றைச் சுர வரிசை. அதில் கார்டு எங்கே வருகிறது? ஒரு நேரத்தில் ஒரு கம்பி, ஒரு சுரம். அதற்குப் பாலி எதற்கு? பட்டியலில் சிம்பிள் பிட்ச் இருக்கிறது, பாலியோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை என்று சொல்லலாம், அவ்வளவு இலகு. அதை வையுங்கள். பக்கத்துக் கம்பியை வலது உள்ளங்கையால் நன்றாக அடக்குங்கள், இரண்டு சுரம் ஒன்றாக ஒலித்தால் அது குழறும். இன்னொரு லாபமும் உண்டு. பாலி வகைக்குத் தாமதம் கூடுதல். முதல் காலத்தின் மெதுவான வேகத்தில் தெரியாது, மூன்றாம் காலத்து வேகத்துக்குப் போகும்போது தவிலோடு உரசுவது உங்களுக்கே தெரியும்.

குடந்தை ஆறுதந்தி:

அண்ணே, மூன்றாம் காலத்தில் உரசுகிறது என்று எங்கள் தவில்காரர் சொல்லிக்கொண்டேதான் இருந்தார். பெடலால் இருக்கும் என்று தோன்றவேயில்லை! இன்று ராத்திரியே மாற்றிப் பார்க்கிறேன்.

மன்னார்குடி பெடல்:

டோன் அண்ணன் சொல்வது சரி, ஆனாலும் ஒரு கேள்வி. கம்பெனிக்காரர்கள் உட்கார்ந்து நிரலைச் சுருக்கினால் அதே சிப்பில் இன்னும் இடம் கிடைக்காதா? பழைய மாடலையெல்லாம் சுருக்கி எழுதினால்?

தஞ்சாவூர் டோன்:

கிடைக்கும், அங்கொன்றும் இங்கொன்றுமாக. ஆனால் இந்தச் சிப்புகளுக்கு எழுதுபவர்கள் முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு துடிப்பையும் எண்ணித்தான் எழுதுகிறார்கள், அலட்சியமாக விட்டுவைத்த இடம் அதிகம் இருக்காது. 2022 இல் 3.50 வந்தபோது கேப் பகுதியை அடியோடு மாற்றி எழுதினார்கள், மைக்கை நகர்த்தி வைக்கலாம், கோணம் திருப்பலாம், ஒலியில் நல்ல முன்னேற்றம். மிச்சம் பிடித்த சக்தியை இப்படி ஒலியை உயர்த்தவே செலவழிக்கிறார்கள். கேட்பவர்களும் அதைத்தான் கேட்கிறார்கள், நாமும் சேர்த்தி.

ஒரு கட்டத்துக்கு மேல் புதிய சிப்தான் வழி, அவர்களும் அதைத்தான் செய்தார்கள். 2025 இல் அறிவித்த ஹீலிக்ஸ் ஸ்டேடியத்தில் அகோரா என்று புதிய ஆம்ப் மாடலிங், அதற்கென்றே புதிய வன்பொருள். ஃப்ராக்டல் என்ற மற்றொரு கம்பெனியும் அப்படியே. 2018 இல் ஆக்ஸ்-எஃப்எக்ஸ் 3 வந்தது, வருஷாவருஷம் ஃபர்ம்வேர் வந்துகொண்டே இருந்தது, கடைசியில் டர்போ என்று கால் பங்கு வேகம் கூட்டிய பெட்டியையும் விற்றார்கள். ஃபர்ம்வேரில் அந்தக் கால் பங்கை எடுக்க முடிந்திருந்தால் டர்போவுக்குத் தேவையே வந்திருக்காது.

நாகை கீபோர்டு:

நான் கீபோர்டு, ஆனால் எங்கள் குழுக் கிட்டாரிஸ்டுக்கு எல்லாம் செட் பண்ணிக் கொடுப்பது நான்தான். அவரிடம் பெரிய ஹீலிக்ஸ். சிப் இரண்டு இருந்தும் அவருக்கும் மங்கலாகிறதே, அது ஏன்? ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணியில் கொடி ஏறினால் செப்டம்பர் 8 வரை எங்களுக்கு மூச்சு விட நேரமிருக்காது, அதற்குள் பேட்ச் எல்லாம் ஒழுங்காக வேண்டும்.

தஞ்சாவூர் டோன்:

பாதை 1 முழுவதும் ஒரு சிப்பில், பாதை 2 முழுவதும் மற்றொரு சிப்பில் ஓடும். ஒன்றில் மிஞ்சியது மற்றொன்றுக்குத் தானாகப் போகாது. நம் ஊர் வாய்க்கால்தான், இந்தக் கிளையில் கரைபுரண்டு ஓடினாலும் அடுத்த கிளையின் வயல் காய்ந்துதான் கிடக்கும், நாம்தான் மடை திறந்து விட வேண்டும். உங்கள் கிட்டாரிஸ்ட் எல்லாவற்றையும் பாதை 1 இலேயே அடுக்கியிருப்பார், பந்தயம் கட்டுகிறேன். பாதை 1 இன் அவுட்புட்டை பாதை 2 க்குத் திருப்பிவிட்டு, ஆம்ப் வரைக்கும் முதலாவதில், டிலே ரிவெர்ப் எல்லாம் இரண்டாவதில் வைக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் ஸ்டீரியோ. ஸ்டீரியோ பிளாக் என்றால் பெரும்பாலும் மோனோவைப் போல் இரண்டு மடங்கு செலவு. திருவிழா மைதானத்தில் நம் மிக்ஸருக்கு ஒரே ஒரு கேபிள்தான் போகிறது, இடது பக்கப் பெட்டி ஆலமரத்தடியில், வலது பக்கப் பெட்டி தேர்முட்டியில். அங்கே ஸ்டீரியோ டிலே யாருக்குக் கேட்கப்போகிறது? குடந்தைத் தம்பிக்கும் இதையேதான் சொல்வேன்.

நாகை கீபோர்டு:

ஆமாம் சார், எல்லாமே பாதை 1 இல்தான் இருக்கிறது. பாதை 2 சுத்தமாகக் காலி. இவ்வளவு நாள் இதை யாரும் சொல்லவில்லை.

திருவாரூர் பேஸ்:

இதில் நான் கெம்பர் பக்கம். 2011 இல் வந்த பெட்டி, பத்து வருஷத்துக்கு மேல் இலவசமாக அப்டேட் கொடுத்தார்கள். டிஎஸ்பி தீர்ந்துவிட்டது என்று அது ஒருநாளும் சொன்னதில்லை. எட்டு எஃபெக்ட் இடம் இருக்கிறதென்றால் எட்டையும் நிரப்பலாம். ஏன் எல்லோரும் அப்படிச் செய்யக் கூடாது?

தஞ்சாவூர் டோன்:

அதுவும் நேர்மையான வழிதான். மிகக் கனமான எஃபெக்ட் வந்தாலும் தாங்கும் என்று கணக்குப் போட்டு இடங்களை முன்பே குறைத்து வைத்துவிடுகிறார்கள். பேட்ச் போடுபவருக்குத் தலைவலி இல்லை. ஆனால் ஒரே பேட்சில் இரண்டு ஆம்ப் வைத்து ஒன்றை இடது ஒன்றை வலது என்று பிரிப்பவருக்கு அங்கே கை கட்டுப்படும். ஹீலிக்ஸ்காரர்கள் சுதந்திரத்தைக் கொடுத்து, எல்லையையும் காட்டிவிடுகிறார்கள். என்ன, ஃப்ராக்டல் மாதிரி எத்தனை சதவீதம் ஓடுகிறது என்று திரையில் காட்டினால் இன்னும் நன்றாயிருக்கும். மங்கலான பிறகுதான் நிரம்பியதே தெரிகிறது, அது எனக்கும் பெரிய குறைதான்.

திருவாரூர் பேஸ்:

சரிதான். என்ஏஎம் பற்றியும் சொல்லிவிடுங்கள். ஸ்டீவன் அட்கின்சன் இலவசமாகத் திறந்துவிட்ட நியூரல் ஆம்ப் மாடலர் (ஆம்ப்பின் ஒலியை நியூரல் நெட்வொர்க்கால் நகலெடுக்கும் மென்பொருள்), லேப்டாப்பில் அபாரமாக இருக்கிறது, பேஸ் கிட்டாருக்குக்கூட. இதை ஒரு அப்டேட்டில் நம் பழைய பெடல்களுக்குக் கொண்டுவர முடியுமா?

தஞ்சாவூர் டோன்:

லேப்டாப் பிராசஸர் வேறு உலகம். என்ஏஎம்மின் முழு அளவு மாடல் ஒரு சாம்பிளுக்குச் செய்யும் பெருக்கல்கள் மேலே சொன்ன 9,375 துடிப்புக்குள் அடங்குவது நடக்காது, அடங்கினாலும் ரிவெர்ப்புக்கு எதுவும் மிஞ்சாது. அதனால்தான் ஃபெதர், நேனோ என்று சின்ன அளவுகளும் வைத்திருக்கிறார்கள். நெட்வொர்க் சிறுக்கச் சிறுக்க நுணுக்கம் கொஞ்சம் குறையும், குறிப்பாக மெதுவாகத் தொட்டு வாசிக்கும்போது. புதிய சின்னப் பெடல்கள் சில அந்த மாடலைத் தங்கள் வடிவத்துக்கு மாற்றி ஏற்றிக்கொள்கின்றன. பழைய ஒற்றை ஷார்க்கில் இதை நான் எதிர்பார்க்கவில்லை.

காரைக்கால் சவுண்ட்:

அப்டேட் எப்போது போடுவது என்று கேட்ட கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. நான் மேடை சவுண்ட் பார்ப்பவன், அதனால் இதில் எனக்கு அக்கறை அதிகம்.

சீசன் நடுவில் போடாதீர்கள். கடைசிக் கச்சேரி முடிந்த பிறகு, அடுத்ததற்கு இரண்டு வாரமாவது இருக்கும்போது போடுங்கள். எங்கள் பக்கத்தில் ஒருவர் கச்சேரி அன்று மத்தியானம் அப்டேட் ஆரம்பித்தார், பாதியில் கரண்ட் போனது, பெடல் லோகோவைத் தாண்டவில்லை. எடுத்துக்கொண்டு போன கடையில் போர்டு போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொன்னார்கள். உண்மையில் ஒன்றுமே போகவில்லை. அநேகமாக எல்லா மாடலர்களிலும் (இந்த வகைப் பெடல்கள்) குறிப்பிட்ட பட்டன்களை அழுத்திப் பிடித்தபடி ஆன் செய்தால் அப்டேட் நிலைக்குப் போகும், அங்கிருந்து ஃபர்ம்வேரை மறுபடி ஏற்றலாம். அவருடையதும் அப்படித்தான் பிழைத்தது. எந்தப் பட்டன் என்று உங்கள் பெடலின் மேனுவலில் இருக்கும், அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்தில் தேடினால் கிடைக்காது. தெரியாமல் போர்டை மாற்ற ஒத்துக்கொள்ளாதீர்கள்.

நான் போடும் முறை இதுதான். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அறிவிப்பு என்றைக்கு என்று முதலில் பார்ப்பேன். லேப்டாப் பாட்டரி முழுதாக இருக்க வேண்டும், ஸ்லீப் போகாதபடி மாற்றி வைக்க வேண்டும். பெடலின் அடாப்டரை இன்வெர்ட்டர் லைனில் செருகி, இன்வெர்ட்டரை யூபிஎஸ் மோடில் வைப்பேன், சாதா மோடில் மாறும் அந்தக் கண நேரத்தில் பெடல் அணைந்து எழும். யூஎஸ்பி கேபிள் நேராக லேப்டாப்பில், நடுவில் ஹப் கூடாது. எச்எக்ஸ் குடும்பம் என்றால் முதலில் லேப்டாப்பில் இருக்கும் எச்எக்ஸ் எடிட் மென்பொருளைப் புதுப்பித்து, முழு பேக்கப் எடுத்து, அதற்குப் பிறகுதான் பெடல். அந்த பேக்கப்பைப் பென்டிரைவில் ஒரு பிரதி. முடிந்து எழும்போது பிரீசெட்களை (சேமித்த பேட்ச்கள்) ஒவ்வொன்றாகத் திரும்பக் கட்டும், நேரம் எடுக்கும், தொங்கிவிட்டது என்று நினைத்துப் பிளக்கைப் பிடுங்கிவிடாதீர்கள்.

முக்கியமானது ஒன்று. புதிய ஃபர்ம்வேரில் சேமித்த பிரீசெட் பழைய ஃபர்ம்வேருக்கு ஏறாது. குழுவில் இரண்டு பேர் பேட்ச் பகிர்ந்துகொள்கிறீர்கள் என்றால் இருவரும் ஒரே பதிப்பில் இருங்கள்.

நாகை கீபோர்டு:

இதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன். அப்டேட் போட்டால் பழைய பேட்சின் ஒலி மாறிவிடும் என்கிறார்களே, உண்மையா?

காரைக்கால் சவுண்ட்:

கம்பெனிக்குக் கம்பெனி வேறுபடும். லைன் 6 பழைய மாடலை அப்படியே விட்டுவைத்துப் புதியதைப் பக்கத்தில் சேர்க்கும், 3.50 இல் பழைய கேப்களை லெகசி என்று ஒதுக்கி வைத்தார்கள், உங்கள் பேட்ச் பழையதையேதான் எடுக்கும். ஃப்ராக்டலில் ஆம்ப் மாடலையே திருத்துவார்கள், அப்டேட்டுக்குப் பிறகு உங்கள் பேட்ச் கொஞ்சம் வேறு மாதிரி ஒலிக்கலாம். அது முன்னேற்றம் என்று கொண்டாடுபவர்கள் உண்டு. எனக்கு மேடையில் நேற்று இருந்தது இன்றும் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மன்னார்குடி பெடல்:

இதில் நான் ஃப்ராக்டல் கட்சி. ஆம்ப் நிஜத்துக்கு இன்னும் நெருக்கமாகிறது என்றால் உட்கார்ந்து ஒருமுறை பேட்சைச் சரிபார்ப்பதில் என்ன கஷ்டம்? பழையதையும் புதியதையும் சேர்த்து வைத்துக்கொண்டே போனால் பட்டியல்தான் நீளும்.

குடந்தை ஆறுதந்தி:

மாற்றிவிட்டேன் அண்ணே! பாலி பிட்சை எடுத்துவிட்டு சிம்பிள் பிட்ச் வைத்தேன், டிலேயை மோனோ ஆக்கினேன். பிளாட்டோ பளிச்சென்று எழுந்து வந்து நின்றது. அதற்கு மேலும் ஒரு ஈக்யூ ஏறியது. இன்று தவிலோடு உட்கார்ந்து பார்த்தோம், மூன்றாம் காலத்தில் உரசல் போய்விட்டது, தவில்காரர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த ஆவர்த்தனத்துக்குப் போனார். அவரிடமிருந்து அது பெரிய சான்றிதழ்.

ஒரு குறை மட்டும். காந்தாரத்திலிருந்து மத்யமத்துக்குக் கம்பியை இழுத்துப் போகும்போது கீழ்ஸ்தாயி சில நேரம் 'கர்ர்' என்கிறது.

தஞ்சாவூர் டோன்:

கம்ப்ரஸருக்குப் பின்னால் பிட்ச் இருக்கிறதுதானே, அப்படியே இருக்கட்டும். முன்னால் ஓவர்டிரைவ் வந்துவிடக் கூடாது, சுத்தமான சுரம் போனால்தான் அது சரியாகப் பிடிக்கும். வால்யூம் குமிழைக் குறைக்காமல், டோனைப் பாதிக்குக் கீழே இறக்கி, கழுத்துப் பக்க பிக்கப்பில் வாசித்துப் பாருங்கள். மேல் ஹார்மானிக் குறைந்தால் குழறல் பெருமளவு அடங்கும். கீழ்ஸ்தாயியின் அளவையும் நேர் ஒலியைவிட நன்றாகக் குறைத்து வையுங்கள், மைதானத்துப் பெரிய பேஸ் பெட்டிகளில் அது தானாகவே தூக்கலாக வரும். நாய்ஸ் கேட்டுக்கு (இரைச்சலை அடைக்கும் எஃபெக்ட்) என்று தனி பிளாக் வைக்காதீர்கள், இன்புட் பிளாக்கிலேயே ஒன்று இருக்கிறது, கட்டம் மிச்சம்.

இதற்கும் மேல் பாலியே வேண்டும் என்றால், ஒரு தனி ஆக்டேவ் பெடலை ஸ்டாம்பின் சென்ட், ரிட்டர்னில் (ஒலியை வெளியே அனுப்பித் திரும்ப வாங்கும் லூப்) மாட்டுங்கள். லூப் பிளாக்குக்கு டிஎஸ்பி செலவு ஏறக்குறைய இல்லை, கனமான வேலையை அந்த பெடலின் சிப் பார்த்துக்கொள்ளும். ஒலி ஒருமுறை கூடுதலாக வெளியே போய் வருவதால் துளித் தாமதம் உண்டு, மூன்றாம் காலத்தை மறுபடி தவிலோடு சரிபாருங்கள்.

குடந்தை ஆறுதந்தி:

டோன் குமிழை இறக்கியதுமே பாதி அடங்கிவிட்டது. லூப் யோசனையை ஆடி முடிந்த பிறகு பார்க்கிறேன், அப்டேட்டையும் அப்போதுதான். காரைக்கால் அண்ணே, எங்களுக்கு ஜெனரேட்டர் மேடைதான் அதிகம், அதில் பெடலுக்குத் தனியாக ஏதாவது வேண்டுமா?

காரைக்கால் சவுண்ட்:

வேண்டும். சீரியல் லைட் ஓடும் லைனில் செருகாதீர்கள், சவுண்ட் மிக்ஸருக்குப் போகும் லைனிலிருந்து வாங்குங்கள். நடுவில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் யூபிஎஸ் வைத்தால் ஜெனரேட்டர் மாற்றும்போது பெடல் அணையாது. பெடலோடு வந்த அடாப்டரே வையுங்கள், ஸ்டாம்ப் அடாப்டர் 9 வோல்ட் 3 ஆம்ப், சாதா பெடல் அடாப்டர் அதற்குப் போதாது.